கீழ்ப்பாக்கம் யூராலஜி கிளினிக்: 8 மாதம் போய்வந்த பிறகு எழுதுகிறேன்

எனக்கு வயது 46. வீடு வில்லிவாக்கம், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்புப் பிரச்சனைகளைப் பார்க்கிற இந்த கிளினிக் படியைப் போன ஆகஸ்ட்டில் முதல் தடவை ஏறினேன், இதை எழுதலாமா வேண்டாமா என்று அதிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிரியாணிக் கடைக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், ஆனால் விறைப்பு வரவில்லை என்றால் எந்த டாக்டரிடம் போவது, போனால் என்ன நடக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. நான் ராத்திரி போனை வைத்துக்கொண்டு தேடின நாட்களில் யாராவது ஒருத்தர் எழுதியிருந்தால் எனக்கு ஒன்றரை வருஷமும் 18,500 ரூபாயும் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இது. கிளினிக் பெயரையும் டாக்டர் பெயரையும் போடவில்லை, அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தாலே உங்கள் ஏரியாவில் அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

விஷயத்தை நேராகவே சொல்கிறேன். ஆசை இருந்தது, விறைப்பு வரவில்லை, வந்தாலும் பாதியில் போய்விடும். முதலில் வேலைக் களைப்பு என்று நினைத்தேன், மார்ச் மாதக் கணக்கு முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், முடிந்தது, சரியாகவில்லை. அப்புறம் நானே ஒதுங்க ஆரம்பித்தேன். டிவி பார்த்துக்கொண்டே ஹாலில் தூங்கிவிடுவது, பையனுக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொள்வது, இப்படி.

கிளினிக்குக்கு முன்னால் நான் போன இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னை மாதிரி நிறைய பேர் அங்கேதான் முதலில் போகிறார்கள். பட்டரவாக்கத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் கதவுக்குப் பக்கத்திலேயே அந்த ஸ்டிக்கர் இருக்கும். ஆண்மைக் குறைவா, நரம்புத் தளர்ச்சியா, கைப்பழக்கத்தால் பாதிப்பா, கீழே ஒரு செல் நம்பர். தினமும் இரண்டு வேளை அதைப் பார்த்துக்கொண்டு போகிற ஆளுக்கு ஒரு நாள் அந்த நம்பரை அடிக்கத் தோன்றும். எழும்பூர் பக்கம் ஒரு லாட்ஜ், மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருகிற பரம்பரை வைத்தியர். நாடி பிடித்தார், சின்ன வயதில் கைப்பழக்கம் உண்டா என்று கேட்டார், உண்டு என்றேன், அவ்வளவுதான், "நரம்பு செத்துப்போச்சு தம்பி, ஒரு மண்டலம் சாப்பிட்டா உயிர் வரும்" என்றார். ஒரு டப்பா லேகியம், ஒரு பாக்கெட் சூரணம், சின்னச் சின்னதாகக் கறுப்பு உருண்டைகள். 18,500 ரூபாய். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு கேள்வி இல்லை.

அந்த உருண்டை வேலை செய்தது. அதுதான் சிக்கலே. போட்டு ஒரு மணி நேரத்தில் முகமெல்லாம் சூடாகும், மூக்கு அடைக்கும், தலை விண் விண் என்று தெறிக்கும், ஆனால் விறைப்பு வரும். உருண்டை தீர்ந்ததும் எல்லாம் பழைய கதை. கீழ்ப்பாக்கத்து டாக்டரிடம் இதைச் சொன்னதும், சோதித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன முகச் சிவப்பு, மூக்கடைப்பு, தலைவலி மூன்றும் விறைப்புக்குக் கொடுக்கிற சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரைக்கு வருகிற அடையாளங்கள் என்றார். மூலிகை என்று விற்கிற சரக்கில் அந்த மருந்தைப் பொடி செய்து கலப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எத்தனையோ தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று கலந்தவனுக்கே தெரியாது. நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, படித்துப் பட்டம் வாங்கினவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். லாட்ஜ் அறை வேறு. ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிற மத்தியச் சட்டம் 1954இலேயே வந்துவிட்டது, அந்த ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது.

அதற்கப்புறம் நான் செய்த இரண்டாவது தப்பு மெடிக்கல் ஷாப். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத அதே சில்டெனாஃபில் மாத்திரை, கடைப் பையன் கேட்காமலேயே நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயிறு நிறைய மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு 50 மி.கி. ஒன்று போட்டேன், முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னொன்றும் போட்டுவிட்டேன். சாயந்தரம் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் என் மனைவிக்கு ஏதோ நடக்கிறது என்று சந்தேகம் வந்தது. கொழுப்பான சாப்பாட்டுக்கு மேல் போட்டால் அந்த மாத்திரை ரத்தத்தில் ஏற ஒரு மணி நேரம் கூடத் தாமதமாகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பேப்பரில் சுற்றிக் கொடுத்தவன் அதைச் சொல்லவில்லை.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். கீழ்ப்பாக்கம் கார்டன் பக்கம், ஒரு பழைய வீட்டின் மாடி. வாசல் போர்டில் எம்.எஸ்., எம்.சிஎச். யூராலஜி என்று படிப்பும் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணும் எழுதியிருக்கிறது. கீழே பைக் நிறுத்த இடம் இருக்கிறது, கார் என்றால் கஷ்டம். முதல் குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிசப்ஷனில் இருந்த பெண் "என்ன ப்ராப்ளம் சார்?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பெண்கள். நான் "யூரின் ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டேன், நிறைய பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு புரிந்தது. அடுத்த தடவை போனபோது டாக்டரிடமே சொன்னேன், கோபப்படாமல் கேட்டுக்கொண்டார், இப்போது சீட்டில் டிக் அடித்துக் கொடுத்தால் போதும். இன்னொரு குறை நேரம். ஆறரைக்கு வரச் சொன்னார்கள், உள்ளே கூப்பிட்டபோது எட்டு பத்து. இன்றுவரை இதில் மாற்றமில்லை.

காத்திருக்கிறபோது தமிழில் அச்சடித்த ஒரு தாள் கொடுத்தார்கள். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஐந்து மார்க், மொத்தம் 25. விறைப்பு வரும் என்ற நம்பிக்கை எவ்வளவு, வந்தால் உறவுக்குப் போதுமா, கடைசிவரை நிற்கிறதா, இப்படி. உலகம் முழுக்க இதே ஐந்து கேள்விதானாம். 22 அல்லது அதற்கு மேல் என்றால் பிரச்சனை இல்லை. நான் போட்ட மார்க் 9. அந்தத் தாளில் எழுதினபோது கை வேர்த்தது, ஆனால் இத்தனை நாள் வாயால் சொல்ல முடியாததை ஒரு எண்ணாக எழுதிக் கொடுக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெதுவாகப் பேசுகிறார். முதல் கேள்வியே, "சார், காலையில எழுந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா?" ஒரு வருஷமாக அதுவும் குறைந்துவிட்டது என்றேன். தூக்கத்தில் ஒரு ராத்திரிக்கு மூன்று நான்கு தடவை தானாகவே விறைப்பு வருமாம், காலையில் இருப்பது அதில் கடைசி. அது நன்றாக இருந்து உறவின்போது மட்டும் வரவில்லை என்றால் பயம், பதற்றம், மனசு பக்கம் காரணம் அதிகம். அதுவும் குறைந்திருந்தால் உடம்பைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஒன்றரை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

பிறகு அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, சிகரெட் எத்தனை, மாடி ஏறினால் மூச்சு வாங்குமா, நெஞ்சுவலி வந்ததுண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாக. சில பிரஷர் மாத்திரைகளும் மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும்கூட விறைப்பைக் குறைக்குமாம், அதற்காக நாமே நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாற்றிக் கேட்க வேண்டும். திரைக்குப் பின்னால் படுக்க வைத்துச் சோதித்தார், பிரஷர் பார்த்தார், இடுப்பு அளந்தார். எழுதிக் கொடுத்த டெஸ்ட்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி, கொழுப்பு, தைராய்டு, காலையில் எடுக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன், ஈசிஜி. "ஸ்கேன் வேண்டாமா டாக்டர்?" என்று நானே கேட்டேன், இதற்கு முன் போனில் விசாரித்த ஒரு இடத்தில் ஸ்கேனும் உறுப்பில் அதிர்வலை செலுத்துகிற ஷாக் வேவ் சிகிச்சையும் சேர்த்துப் பேக்கேஜ் சொல்லியிருந்தார்கள். "இப்ப தேவையில்ல, அதுல தெரியப்போறதை வச்சு உங்க வைத்தியம் மாறப்போறதில்ல" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் அந்த ஷாக் வேவை ஆராய்ச்சி நிலையில் இருக்கிற சிகிச்சை என்றுதான் சொல்கிறது.

ரிசல்ட் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. எச்பிஏ1சி 8.9. சர்க்கரை நோய் என்று சொல்வதற்கு 6.5 போதும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதையே இந்தப் பிரச்சனைக்காகப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று அவர் சொன்ன விளக்கத்தை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் புரிந்தது அதில்தான். "உங்க வீட்ல போர் தண்ணியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உப்பு முதல்ல எதை அடைக்கும்?" ஷவரை என்றேன். "மோட்டார் பைப் அடைச்சதா?" இல்லை. சீட்டின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டார். பெரியது இதயத்தின் ரத்தக் குழாய், 3 முதல் 4 மி.மீ. சின்னது ஆண்குறிக்குப் போகிற குழாய், 1 முதல் 2 மி.மீ. சர்க்கரை, சிகரெட், கொழுப்பு, பிரஷர் எல்லாம் இரண்டு குழாயையும் ஒன்றாகத்தான் கெடுக்கும், ஆனால் சின்னது முதலில் காட்டிவிடும். பலருக்கு விறைப்புக் குறைந்து இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷத்துக்குள் நெஞ்சுவலி வருகிறதாம். "இது உங்களுக்கு வந்த முன்னறிவிப்பு சார், வெட்கப்பட்டு மறைச்சிருந்தீங்கன்னா அடுத்தது நெஞ்சுலதான் தெரிஞ்சிருக்கும்" என்றார். அந்தச் சீட்டை நான் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். ட்ரெட்மில் டெஸ்டும் எடுக்கச் சொன்னார், எடுத்தேன், நன்றாக இருந்தது.

விறைப்பு எப்படி வருகிறது என்பதையும் அன்றுதான் கேட்டேன். ஆசை வந்ததும் நரம்பு வழியாகத் தகவல் போய் அங்கே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது, அதனால் ரத்தக் குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்கிறது, தளர்ந்தால்தான் ரத்தம் உள்ளே பாய்ந்து நிரம்பும், நிரம்பின அழுத்தத்தில் வெளியே போகிற வழி நசுங்கி ரத்தம் அங்கேயே நிற்கும். தளர்ச்சி தளர்ச்சி என்று போஸ்டரில் பயமுறுத்துகிறார்கள், உண்மையில் அங்கே தசை தளராமல் விறைப்பே கிடையாது. கைப்பழக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர் சொன்னபோது, பதினாறு வயதிலிருந்து மனசில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது, மிகையாகச் சொல்லவில்லை. சர்க்கரை இந்த நரம்பையும் கெடுக்கிறது, குழாயின் உள்சுவரையும் கெடுக்கிறது, அதனால்தான் சர்க்கரைக்காரர்களுக்கு இது இத்தனை பேருக்கு வருகிறது. சில்டெனாஃபில், டடாலஃபில் எல்லாம் அந்தத் தளர்ச்சியைக் கொஞ்ச நேரம் கலையாமல் பிடித்து வைக்கிற மருந்துகள், ஆசையைக் கிளப்புகிற மருந்து இல்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. முதலில் நெஞ்சுவலிக்காக ஆராய்ந்துகொண்டிருந்த மருந்துதான் சில்டெனாஃபில், 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கொடுத்ததும் அதே வருஷம்தான்.

இந்த மருந்தில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்துவிடும். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிற அண்ணன் ஒருத்தர், இரண்டு வருஷம் முன்னால் ஸ்டென்ட் வைத்தவர், சட்டைப் பாக்கெட்டில் சார்பிட்ரேட் வைத்திருப்பவர், அந்த வெள்ளிக்கிழமைதான் என்னிடம் "உங்கிட்ட அந்த மாத்திரை இருந்தா ஒண்ணு குடுப்பா" என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமை கொண்டு வருகிறேன் அண்ணே என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை மாத்திரைக்குப் பதில் இந்த விஷயத்தைத்தான் கொண்டுபோனேன். யாரும் யாருக்கும் இந்த மாத்திரையைக் கைமாற்றாதீர்கள், தயவுசெய்து. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்கவில்லை என்றாலும் வெட்கப்படாமல் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், விட்டால் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

எனக்கு எழுதிக் கொடுத்தது டடாலஃபில் 5 மி.கி., தினமும் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்ற கணக்கு இல்லை. இது உடம்பில் ரொம்ப நேரம் இருக்கிற மருந்து, அதனால் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதல் வாரம் இடுப்புவலி இருந்தது, போன் செய்து கேட்டேன், வரும், போய்விடும் என்றார்கள், போனது. சர்க்கரைக்கு வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். சிகரெட்டை நிறுத்தச் சொன்னார், தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். சிகரெட்டை விட எனக்கு இரண்டு மாதம் ஆனது, வில்லிவாக்கம் ஸ்டேஷன் டீக்கடையைத் தாண்டிப் போவதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது தடவை மனைவியையும் கூட்டி வரச் சொன்னார். எனக்கு அதில் இஷ்டமே இல்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்தேன், கடைசியில் அந்த 8.9 ரிப்போர்ட்டைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். கிளினிக்கில் டாக்டர் அவளிடம் கேட்டது ஒன்றுதான், "நீங்க என்ன நினைச்சீங்கம்மா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே, "என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன் சார், வேற யாரோ இருக்காங்கன்னுகூட நினைச்சேன்" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றரை வருஷம் நான் என் வலியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், பக்கத்து அறையில் அவள் இதை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். பஸ்ஸில் திரும்பி வருகிறபோது "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, என்னங்க" என்று ஒரு தடவை சொன்னாள், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று டாக்டர் அந்த இருபது நிமிஷத்துக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் எனக்குக் கிடைத்த வைத்தியத்தில் பாதி அதுதான்.

செலவு. கன்சல்டேஷன் முதல் தடவை 800, அடுத்தடுத்து 500. ரத்த டெஸ்ட் எல்லாம் சேர்த்து 3,400 ஆனது, வெளி லேபில் எடுக்கலாம், அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை. கிளினிக்கோடு இருக்கிற ஃபார்மசி பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, இருப்பதிலேயே விலை கூடின பிராண்டைத்தான் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரையே எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன், எழுதிக் கொடுத்தார், வெளியில் பாதி விலைக்குக் கிடைத்தது. இந்தக் காசும் முடியாது என்றால் சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை மூன்றிலும் யூராலஜி பிரிவு இருக்கிறது, கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும்.

மாத்திரை எல்லாருக்கும் கேட்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கேட்காதவர்களுக்கு வேக்குவம் பம்ப் இருக்கிறது, உறுப்பிலேயே போட்டுக்கொள்கிற ஊசி இருக்கிறது, எதுவும் ஆகவில்லை என்றால் உள்ளே வைக்கிற இம்ப்ளான்ட் ஆபரேஷன் இருக்கிறது. சுவரில் அதன் படம் மாட்டியிருக்கிறது, பயப்பட வேண்டாம், எல்லாரையும் அதற்குத் தள்ளுவதில்லை. குழந்தை இல்லாத பிரச்சனை வேறு, சீக்கிரம் விந்து வெளியேறுவது வேறு, இது வேறு. மூன்றையும் ஆண்மைக் குறைவு என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம், அவர் அந்தச் சொல்லையே பயன்படுத்தவில்லை, "விறைப்புக் குறைபாடு" என்றுதான் சொன்னார். 1994இல் வந்த அமெரிக்க மாசசூசெட்ஸ் ஆய்வில் 40 முதல் 70 வயது ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது இருந்தது. இதில் ஆண்மை எங்கே குறைந்தது?

பிப்ரவரியில் மறுபடி அதே தாளைக் கொடுத்தார்கள். 19 போட்டேன். எச்பிஏ1சி 6.8. பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்டால் இல்லை, சில நாள் வருவதில்லை, ஆனால் வரவில்லை என்றால் இப்போது அடுத்த அறைக்குப் போய்ப் படுப்பதில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், ஒன்றைக் குறைத்தது அந்தக் காத்திருப்புக்கும் ஃபார்மசிக்கும்.

ஸ்டோர்ஸ் அண்ணன் நான்கு மாதம் வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் அவருடைய இதய டாக்டரிடம் கேட்டு, சார்பிட்ரேட் இன்னும் தேவையா, உடலுறவுக்கு இதயம் தாங்குமா என்று எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். வாங்கிவிட்டார். இந்தச் சனிக்கிழமை எனக்கு டோக்கன் 4, அவருக்கு 5.